டெபியன் எனும் திறந்த பட்டறை



கணினிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் மகனோ மகளோ இன்று நம்மில் பலருடைய இல்லங்களில் உண்டு. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இடத்தில் அவர்களை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "முன் அனுபவம் என்ன?" என்பதுதான். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? எவருடைய சிபாரிசும் இன்றி, ஒரு காசும் கட்டணம் செலுத்தாமல், உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள ஒரு பொருளில் கைவைத்துப் பழகிக்கொள்ளும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. ஆனால், உள்ளே சென்று எந்த மூலையில் நிற்பது, யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கித் திரும்பிவிடுவோர்தாம் மிகுதி. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பட்டறையில் வேலை செய்ய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ் இலக்கியம் படித்தவருக்கும், அரபுக் கல்லூரியில் ஓதியவருக்கும் இங்கு வேலை உண்டு. அது எவ்வாறு என்பதைப் பின்னர் காண்போம்.

டெபியன் என்பது யாது?

கணினி என்பது கம்பியும் சில்லுகளும் கொண்ட ஒரு பொருள். நாம் விசைப்பலகையில் தட்டியதைத் திரையில் காட்டுவதும், கோப்புகளை வட்டில் எழுதிவைப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும் அதனுள் இருக்கும் இயங்குதளத்தின் வேலை. நம்மில் பெரும்பாலோர் அறிந்த விண்டோஸ் அவ்வகையில் ஒன்று. அதன் உள்ளே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை விலை கொடுத்து வாங்கியவர் பார்க்க இயலாது. தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளவும் இயலாது. தைத்துத் தந்த சட்டையின் தையலைப் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது போன்றது அது.

இந்த நிலை ஒவ்வாத அமெரிக்கர் ஒருவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், யாவரும் பார்க்கவும் பகிரவும் திருத்தவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக 1983 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அறிவித்தார். அதற்குக் குனூ என்று பெயரிட்டார். 1991 ஆகஸ்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவாகிய 'கெர்னல்' ஒன்றை எழுதிவருவதாகத் தெரிவித்தார். அதுவே லினக்ஸ். இரண்டையும் இணைத்தால் முழுமையான ஓர் இயங்குதளம் கிடைக்கும் என்றாலும், சிதறிக் கிடந்த பகுதிகளைத் தேடி எடுத்துப் பொருத்துவது சாதாரண மனிதர்க்கு இயலாத காரியமாக இருந்தது. அவற்றை ஒழுங்காகத் தொகுத்து, சோதித்து, எவரும் எளிதில் நிறுவிக்கொள்ளும் வகையில் வழங்கும் திட்டத்தை 1993 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் அறிவித்தார். பின்னாளில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் உருவாக்கிய சொல்லே டெபியன்.

இன்று அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 70 ஆயிரம் மென்பொருள் பொதிகள் உள்ளன. 2025 ஆகஸ்டில் 13 ஆம் பதிப்பு வெளிவந்தது. பலர் அறிந்த உபுண்டு, 2004 முதல் டெபியனை அடித்தளமாகக் கொண்டே வெளிவருகிறது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து பிறந்ததே. சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள மடிக்கணினிகள் பலவற்றுக்கு டெபியனைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2013 ஆம் ஆண்டு செய்தி வந்தது. வியப்புக்குரியது யாதெனில், இத்தனையையும் நடத்துவது ஒரு கம்பெனி அன்று. உறுப்பினர் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்களைச் சுற்றிப் பங்களிப்போர் இன்னும் பலர். தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1997 இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட 'சமூக ஒப்பந்தம்' என்னும் சாசனத்தில், பிழைகளை மறைக்க மாட்டோம் என்பதும் ஓர் உறுதிமொழி. அந்த ஓர் உறுதிமொழிதான் புதிதாக வருபவருக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து. குறைகள் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருக்கும் இடத்தில்தான் எவரும் வந்து குறையைத் தீர்க்க முடியும்.

அரை வினாடி

"பெரிய மேதைகள் நடத்தும் இடத்தில் என் மகன் போய் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்போருக்கு 2024 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கோப்புகளைச் சுருக்கி அடக்குவதற்கு 'எக்ஸ்இசட்' என்னும் சிறு மென்பொருள் உண்டு. உலகின் எண்ணற்ற கணினிகளில் அது ஓசையின்றிப் பயன்படுகிறது. அதைப் பல்லாண்டு காலம் பராமரித்துவந்தவர் ஒரே ஒருவர். அதுவும் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். 2021 இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அங்கு வந்தார். சிறு சிறு திருத்தங்களைப் பொறுமையாக அனுப்பினார். 2022 இல் வேறு சில பெயர்களிலிருந்து, "வேலை மந்தமாக நடக்கிறதே, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள்" என்று பராமரிப்பாளருக்கு நெருக்கடி வந்தது. அவரோ தம் மனநலம் நலிந்திருப்பதை அப்போதே வெளிப்படையாகக் கூறியிருந்தார். இறுதியில் ஜியா டான் என்பவருக்கும் பொறுப்பில் பங்கு கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த இரு பதிப்புகளில், பிறருடைய கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கான பின்வாசல் ஒன்று மறைத்து வைக்கப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளிப்படவில்லை.

அதைக் கண்டுபிடித்தது எந்தக் காவல் அமைப்பும் அன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையாப் பிரிவு நிறுவப்பட்ட கணினியில் வேறு ஏதோ ஓர் அளவீட்டைச் செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று அவருக்குப் பட்டது. வேறொருவராயின் தோளைக் குலுக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். இவர் ஏன் என்று தேடினார். மூல நிரல் எல்லார்க்கும் திறந்திருந்ததால் தேட முடிந்தது. 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அந்தக் கள்ள நிரல் சென்று சேருமுன் அது அகற்றப்பட்டது.

இந்நிகழ்ச்சியை வைத்து, "பார்த்தீர்களா, யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்றால் இப்படித்தான்" என்று சொல்வோர் உண்டு. எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. அங்கே தனியாக ஒருவர் மட்டும் இல்லாமல், நேர்மையான நான்கு பேர் அவருக்குத் துணையாகச் சிறு வேலைகளை ஏற்றிருந்தால், வஞ்சகருக்கு அந்த நாற்காலி காலியாக இருந்திராது. புதியவர்களுக்கு இங்கு உண்மையான தேவை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது மட்டுமன்று. எச்சரிக்கையான பார்வையே இங்கு முதல் தகுதி. மேதைமை அதற்குப் பின்னர்தான்.

முதலில் குடியேறுங்கள்

பங்களிக்க விரும்புவோர் முதலில் அந்தத் தளத்தில் சில மாதங்களேனும் வாழ்ந்து பழக வேண்டும். குடியிருக்காத வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று யாருக்குத் தெரியும்? வாப்பாவின் பழைய கணினியிலேயே நிறுவிப் பார்க்கலாம். ஆனால் 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கணினிகளில் 13 ஆம் பதிப்பை நிறுவ இயலாது என்பதை நினைவில் கொள்க. நிறுவுமுன் வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் தனியே படியெடுத்து வைத்துவிடுவது கட்டாயம். அதற்கு அஞ்சுவோர், இருக்கும் கணினிக்குள்ளேயே 'விர்ச்சுவல் மெஷின்' என்னும் பாவனைக் கணினி ஒன்றை ஏற்படுத்தி அதில் நிறுவிக்கொள்ளலாம். கெட்டாலும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

டெபியனுக்கு மூன்று நிலைகள் உண்டு. புதிதாக வந்த பொதிகள் முதலில் 'சிட்' என்னும் நிலையாப் பிரிவுக்குள் செல்கின்றன. 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் சிறுவனின் பெயர் அது. டெபியன் பதிப்புகள் யாவும் அப்படத்தின் பாத்திரங்களுடைய பெயர்களையே தாங்குகின்றன. அங்கே சில நாட்கள் பெரும் பழுதின்றித் தாக்குப்பிடித்தால் சோதனைப் பிரிவுக்கு நகரும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு முறை சோதனைப் பிரிவை உறையவைத்து, பிழை களைந்து, நிலையான பதிப்பாக வெளியிடுகிறார்கள். அன்றாட வேலைக்கு நிலையான பதிப்பையும், பிழை தேடுவதற்குச் சோதனைப் பிரிவையும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

குறையைச் சொல்வதும் ஒரு கலை

முதல் பங்களிப்பு பெரும்பாலும் ஒரு பிழையறிக்கையாகத்தான் இருக்கும். டெபியனில் பதிவான பிழையறிக்கைகளின் வரிசை எண் 10 இலட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அவற்றில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம். ஆனால், எழுதும் விதம் ஒன்று உண்டு.

"தமிழ் சரியாக வரவில்லை" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவர் பிரேசிலிலோ ஜெர்மனியிலோ இருப்பார். தமிழ் எழுத்தைக் கண்ணால் கண்டிராதவர். அவர் இதைக் கொண்டு என்ன செய்வார்? மற்றொருவர் இவ்வாறு எழுதுகிறார்: "இன்ன பெயருள்ள உரைத்தொகுப்பியின் இன்ன பதிப்பைத் திறந்தேன். இன்ன எழுத்துருவைத் தேர்ந்தேன். 'கொடி' என்ற சொல்லைத் தட்டச்சு செய்தேன். ககரத்தின் இடப்புறம் கொம்பும் வலப்புறம் காலும் ஒட்டி நிற்க வேண்டும். ஆனால் கொம்பு இரண்டு எழுத்து தள்ளிப்போய்த் தனியே நிற்கிறது. வேறு எழுத்துருவில் இக்குறை இல்லை. எப்படித் தோன்ற வேண்டும், எப்படித் தோன்றுகிறது என்பதற்கு இரண்டு படங்களை இணைத்துள்ளேன்." இதைப் படித்தால், தமிழ் அறியாதவரும் குறை எழுத்துருவில் இருக்கிறது, உரைத்தொகுப்பியில் இல்லை என்று ஊகித்துவிடுவார். பாதி வேலையை அறிக்கை எழுதியவரே முடித்துக் கொடுத்துவிட்டார். மருத்துவரிடம் சென்று, "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்பவருக்கும், எப்போதிலிருந்து, எந்த இடத்தில், எதை உண்ட பிறகு என்று சொல்பவருக்கும் உள்ள வேறுபாடு இது.

அறிக்கை அனுப்புவதற்கு 'ரிப்போர்ட்பக்' என்றொரு கருவி டெபியனிலேயே உண்டு. எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்பன போன்ற விவரங்களை அதுவே திரட்டிக்கொள்ளும். அப்பொதியைப் பற்றி ஏற்கெனவே வந்துள்ள அறிக்கைகளையும் அது முதலில் காட்டும். அவற்றைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அதே குறையை வேறொருவர் எழுதியிருந்தால் புதிதாக எழுதாமல், உங்கள் கணினியில் கண்டதை அதனுடன் சேர்த்து எழுதினால் போதும். குறையின் கடுமையை நீங்களே குறிக்க வேண்டும். ஒரு சாதாரணப் பிழைக்கு மிகக் கடுமையானது என்று முத்திரையிடுவது, கடையில் வரிசையை முந்திச் செல்வது போல மற்றவரை எரிச்சலூட்டும்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் எழுதும் அறிக்கையும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் உலகம் முழுவதும் காணும்படி என்றென்றும் அங்கே இருக்கும். ஆகவே இதற்கெனத் தனி முகவரி ஒன்றை வைத்துக்கொள்வது நலம். வீட்டுப் பிள்ளைகள் இதில் ஈடுபடும்போது பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

சிலவேளை மாதக்கணக்கில் பதில் வராது. சிலவேளை, "என் கணினியில் இப்படி நிகழவில்லையே" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அதைக் கண்டு மனம் சோர்ந்துவிடக் கூடாது. அந்த ஒற்றை வரியை எழுதியவர் தம் அலுவலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு எழுதியிருக்கலாம். கூடுதல் விவரம் கேட்டால் கொடுங்கள். பழைய அறிக்கைகளை எடுத்து, அந்தக் குறை இன்றும் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதும் மதிப்புள்ள வேலையே. பல பராமரிப்பாளர்கள் பிழையைத் திருத்துபவரைவிட இவ்வாறு பழைய கணக்கை நேர்செய்து தருபவருக்கே பெரிதும் நன்றி பாராட்டுவார்கள்.

மொழி அறிந்தோருக்கான வேலை

டெபியனை நிறுவத் தொடங்கியதும் முதலில் தோன்றுவது மொழிப் பட்டியல். அதில் தமிழ் உண்டு, அரபும் உண்டு. தமிழைத் தேர்ந்தால் கேள்விகள் தமிழில் வரும். இது தானாக முளைத்ததன்று. ஆர்வலர்கள் அமர்ந்து ஒவ்வொரு வாக்கியமாகப் பெயர்த்தது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய வாக்கியங்கள் சேர்கின்றன, பழையவை மாறுகின்றன. ஆகையால் இது ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை அன்று. மொழிபெயர்ப்பு மிகவும் பின்தங்கிவிட்டால் அம்மொழியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவும் செய்கிறார்கள். பாதி ஆங்கிலமும் பாதி வேற்று மொழியுமாகக் குழப்புவதைவிட அது மேல் என்பது அவர்கள் எண்ணம்.

மொழிபெயர்ப்புக் கோப்பு மிக எளிமையானது. ஒரு வரியில் ஆங்கில மூலம். அதன் கீழ் உங்கள் வாக்கியம். அவ்வளவுதான். மூலம் சற்றே மாறியிருந்தால் பழைய மொழிபெயர்ப்பின் மேல் 'ஐயத்துக்குரியது' என்ற குறி விழும். நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்து குறியை நீக்க வேண்டும். வாக்கியத்தின் நடுவே சதவீதக் குறியும் அதையடுத்து ஓர் எழுத்தும் வரும். அது கணினி பின்னர் ஒரு பெயரையோ எண்ணையோ நிரப்பிக்கொள்ளும் இடம். அதைத் தொட்டுவிடக் கூடாது. ஆனால் தமிழ் வாக்கிய அமைப்புக்கேற்ப அது வாக்கியத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும். நமக்கு அது தலைகீழ். "கோப்பை நீக்கவா?" என்பதற்குப் பதில் "நீக்கவா கோப்பை?" என்று திரையில் தோன்றினால், அதைப் பெயர்த்தவர் நிரல் அறிந்தவராக இருக்கலாம், தமிழ் அறிந்தவர் இல்லை.

சொல் தேர்வில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அகராதியைப் புரட்டித் தேடினாலன்றி விளங்காத தூய சொல்லைத் திரையில் இடுவதால் யாருக்குப் பயன்? வீட்டிலுள்ள உம்மா படித்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று புரிய வேண்டும். அதே வேளை ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் 'கோப்பு' என்றும் மற்றோரிடத்தில் 'ஃபைல்' என்றும் எழுதுவது பயனரை வழிதவறச் செய்யும். முன்னர் பெயர்த்தவர்கள் என்ன சொல்லை ஆண்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதைப் பின்பற்றுவதே முறை. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அவர்களுடன் பேசி, எல்லா இடங்களிலும் ஒருசேர மாற்ற வேண்டும்.

அரபு பயின்றோர் வேறொரு வகையில் உதவ இயலும். வலமிருந்து இடமாகச் செல்லும் வரியின் நடுவே ஓர் ஆங்கிலப் பெயரோ எண்ணோ வந்தால், அடைப்புக்குறிகளும் முற்றுப்புள்ளியும் இடம் மாறிப் போய் நிற்பதுண்டு. இதை அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த கண்தான் ஒரு பார்வையில் காணும்.

ஒட்டுப் போடுதல்

நிரல் அறிந்த பிள்ளைகள் அடுத்த படிக்குச் செல்லலாம். மூல நிரலில் எந்த வரியை நீக்கினீர்கள், எந்த வரியைச் சேர்த்தீர்கள் என்பதைக் கழித்தல் குறியும் கூட்டல் குறியும் இட்டுக் காட்டும் சிறு கோப்புக்குப் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு என்பதே அச்சொல்லின் பொருள். பிழையறிக்கைகளிலேயே, புதியவர்களுக்கு ஏற்றது என்று குறியிடப்பட்டவை உண்டு, அவற்றிலிருந்து தொடங்கலாம். ஓர் ஒட்டில் ஒரு குறையை மட்டும் தீர்க்க வேண்டும். ஏன் அந்த மாற்றம் என்பதை இரண்டு மூன்று வரிகளில் விளக்க வேண்டும். போகிற போக்கில் பிறர் நிரலின் இடைவெளிகளையெல்லாம் அழகுபடுத்திவிட்டு வரக் கூடாது.

அந்த விளக்கம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு டெபியன் தன் சொந்த வரலாற்றிலேயே கசப்பான பாடம் ஒன்றைப் பெற்றிருக்கிறது. 2006 இல், இரகசியத் தகவல்களைப் பூட்டிக் காக்கும் 'ஓபன்எஸ்எஸ்எல்' என்னும் பொதியைச் சோதித்த கருவி ஒன்று சில வரிகளைக் குறித்து எச்சரிக்கை எழுப்பிற்று. பராமரிப்பாளர், அந்த மென்பொருளை எழுதியோரிடம் கேட்டும் பார்த்தார். ஆனால் கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவில்லை. வரிகள் நீக்கப்பட்டன; எச்சரிக்கை ஓய்ந்தது. ஆனால் சாவிகள் எவராலும் ஊகிக்க இயலாதபடி அமைவதற்குத் தேவையான கலப்பைச் செய்துவந்தவையே அவ்வரிகள். அவை போனபின், ஒரு குறிப்பிட்ட வகைக் கணினியில் குறிப்பிட்ட நீளத்தில் உண்டாகக்கூடிய சாவிகள் 32 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம்! 2008 மே 13 அன்று இது அறிவிக்கப்பட்டபோது, இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் உருவாக்கப்பட்ட சாவிகள் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. டெபியன் அதையும் மறைக்கவில்லை. தானே முன்வந்து சொன்னது.

இதனால்தான், திருத்தத்தை டெபியனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் தலைமடைக்கு அனுப்புங்கள் என்று மூத்தவர்கள் வலியுறுத்துகிறார்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதை முதலில் எழுதும் குழு ஒன்று உண்டு. அது தலைமடை. டெபியன் அங்கிருந்து நீரைப் பெற்று வயல்களுக்குப் பாய்ச்சும் வாய்க்கால். கலங்கலைத் தலைமடையில் தெளியவைத்தால் எல்லா வயலுக்கும் தெளிந்த நீர் செல்லும்.

கேட்பாரற்ற பொதிகள்

பராமரிப்பவர் விலகிச் சென்றபின் கவனிப்பாரின்றி நிற்கும் பொதிகளுக்கு ஆங்கிலத்தில் அனாதை என்னும் பொருள்தரும் சொல்லையே வழங்குகிறார்கள். நம் வீடுகளில் யத்தீம் என்போம். அவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்', அதாவது 'நான் எவ்வாறு உதவலாம்' என்னும் பெயருள்ள சிறு நிரலை நிறுவிக்கொண்டால், உங்கள் கணினியில் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொதிகளில் எவை கைவிடப்பட்டுள்ளன, எவற்றுக்கு உதவி கோரப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும். நீங்கள் பயன்படுத்தும் பொதி ஒன்றையே ஏற்றுக்கொள்வது சிறப்பு. புதிதாக ஒரு பொதியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற ஆசையே இளைஞர்களுக்கு முதலில் எழுகிறது. 70 ஆயிரத்துடன் ஒன்றைக் கூட்டுவதைவிட, இருப்பதில் ஒன்றைக் காப்பாற்றுவதே மேல் என்பேன்.

புதிதாக வருபவர் பொதியைத் தாமாக ஏற்ற முடியாது. உறுப்பினர் ஒருவர் அதைப் பரிசோதித்து, திருத்தம் சொல்லி, தம் பொறுப்பில் ஏற்றுவார். இரண்டு மூன்று முறை திரும்பி வருவது இயல்பு. அந்தத் திருத்தக் குறிப்புகள்தாம் உண்மையான பாடசாலை. எந்தக் கல்லூரியிலும் இவ்வளவு நுணுக்கமாக ஒரு மாணவரின் வேலையைத் திருத்தித் தருவார்களா என்பது ஐயமே.

வருமானம் உண்டா என்று கேட்பீர்கள். டெபியன் சம்பளம் தருவதில்லை. ஆயினும் கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்தும் கோடைக்காலத் திட்டத்தின் வழியாகவும், பெண்களுக்கென 2010 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவடைந்து 'அவுட்ரீச்சி' எனப் பெயர் பெற்ற திட்டத்தின் வழியாகவும், உதவித்தொகையுடன் டெபியனில் பயிற்சி பெற்றோர் பலர். அவுட்ரீச்சியில் வேலை முழுவதும் வீட்டிலிருந்தபடியே நடைபெறும் என்பது நம் பெண்மக்கள் கவனிக்கத்தக்கது. விண்ணப்பிக்கும் காலத்திலேயே ஏதேனும் ஒரு பங்களிப்பைச் செய்து காட்ட வேண்டும் என்பது அங்கு விதி. மேலே சொன்ன சிறு வேலைகளில் முன்பே கைபழகியவருக்கு அது எளிது.

உறுப்பினராதல்

ஓரிரு ஆண்டுகள் இவ்வாறு உழைத்தவர் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளர், ஆவணம் எழுதுவோர் முதலியோரும் நிரல் எழுதுவோரைப் போலவே வாக்குரிமையுள்ள உறுப்பினராகலாம் என்று 2010 இல் வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். விண்ணப்பித்தவருடன் மூத்தவர் ஒருவர் பல வாரங்கள் கடிதம் வழியாக உரையாடி, சமூக ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டிருக்கிறாரா, செய்யும் வேலையை அறிந்து செய்கிறாரா என்று பார்ப்பார்.

ஒவ்வொரு உறுப்பினரிடமும் மின்னணுச் சாவி ஒன்று இருக்கும். அவர் அனுப்பும் பொதியில் அதனால் கையொப்பம் இடுவார். புதியவருடைய சாவி உண்மையில் அவருடையதுதான் என்பதற்கு, அவரை நேரில் கண்டு அடையாள ஆவணத்தைச் சரிபார்த்த உறுப்பினர்கள் தம் சாவியால் சான்று அளிப்பது நெடுநாள் வழக்கம். இத்தகைய சந்திப்புக்கு ஏற்ற இடம் ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டில் நடைபெறும் டெபியன் மாநாடு. 2023 செப்டம்பரில் அது நம் அண்டை மாநிலத்தில், கொச்சி நகரில் கூடிற்று. மாநாட்டுக்குச் செல்ல இயலாதோர், தம் ஊருக்கு அருகில் வாழும் உறுப்பினருக்கு எழுதி நேரம் கேட்டுச் சென்று காணலாம். செல்லும்போது கடவுச்சீட்டு போன்ற அரசு அடையாள ஆவணத்தையும், சாவியின் 40 எழுத்து கொண்ட அடையாளக் குறியைத் தெளிவாக அச்சிட்ட சீட்டுகள் சிலவற்றையும் உடன் எடுத்துச் செல்க. சாவியை மட்டும் வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.